ஒரு வாளித் தண்ணீர்

அந்தச் செம்பனை மரம் விழுந்த இரவில் காற்று அடிக்கவில்லை. மழை மட்டும் தூறிக்கொண்டிருந்தது. நள்ளிரவு கடந்த வேளையில் தோட்டத்துப் பக்கமிருந்து கனமான சத்தம் ஒன்று கேட்டது. அப்பா கைவிளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்து, “ஏழாவது வரிசையில் ஒரு மரம் சாய்ந்துவிட்டது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவர் உறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

காலையில் போய்ப் பார்த்தோம். மரத்தின் தலையில் பச்சை மட்டைகள் இருந்தன. முற்றாத இரண்டு குலைகளும் இருந்தன. ஆனால், அடித்தண்டு பழைய பஞ்சு மெத்தையைப் போல உதிர்ந்துகொண்டிருந்தது. வேர்கள் மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வரவில்லை. ஏற்கெனவே அழுகி அறுந்துபோயிருந்தன. அடியில் ஒரு பக்கத்தில், கைவிரல்களை விரித்த அளவில், அரக்குப் பூசியது போல மினுமினுக்கும் செந்தவிட்டு நிறக் காளான்கள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் ஓரம் வெள்ளையாக இருந்தது. உண்மையைச் சொல்வதானால், அவை அழகாகவே இருந்தன.

ரெங்கம் இரயில் நிலையத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரத் தொலைவில் எங்களுக்கு நான்கு ஏக்கர் நிலம். அப்பா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கியது. முன்பு பால்மரக்காடாக இருந்த இடம். பிறகு ஒருவர் செம்பனை நட்டுப் பலனெடுத்து, மரங்கள் முதிர்ந்ததும் வெட்டிச் சாய்த்துவிட்டு விற்றிருந்தார். பழைய மரங்களின் அடிக்கட்டைகள் பல மண்ணுக்குள்ளேயே கிடந்தன. அவற்றைத் தோண்டியெடுக்கச் செலவாகும் என்பதால் அப்பா அவற்றுக்கிடையிலேயே புதுக் கன்றுகளை நட்டார். மொத்தம் 224 மரங்கள். என் அக்காவின் கல்லூரிக் கட்டணமும் என் ஆறாம் படிவப் புத்தகங்களும் அந்த மரங்களிலிருந்து வந்தவைதாம்.

விழுந்த மரம் ஓர் ஆண்டுக்கு முன்பே வெளுக்கத் தொடங்கியிருந்தது. அப்பா உரம் போதவில்லை என்று எண்ணினார். அந்த ஒரு மரத்துக்கு மட்டும் இரண்டு மடங்கு உரம் போட்டார். மரத்தின் உச்சியில் விரியாத குருத்துகள் மூன்று நான்கு ஈட்டிகளைப் போல நின்றதையும் நாங்கள் பார்த்தோம். பார்த்தோமே தவிர, அதன் பொருளைப் படிக்கத் தெரியவில்லை.

செய்தி கேட்டுத் தாத்தா லாயாங் லாயாங்கிலிருந்து வந்தார். அப்போது அவருக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது. வந்தவர் மரத்தைப் பார்ப்பதற்கு முன்னால், “தம்பி, ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வா” என்றார். குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்துக் குவளையையும் எடுத்துப் போனேன். அவர் குவளையை வாங்கவில்லை. மண்ணிலிருந்து ஒரு வேரைப் பிடுங்கி, வாளிக்குள் விட்டு, பெருவிரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

தாத்தா பால்மரம் சீவியவர் என்றே நான் அறிந்திருந்தேன். அவர் சில ஆண்டுகள் ‘வேர் பார்க்கும் வேலை’யும் செய்திருக்கிறார் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இளம் பால்மரங்கள் நிற்கும் காட்டில் வரிசை வரிசையாக நடந்து, மரத்தின் கழுத்தருகே மண்ணை விலக்கி, வேரில் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை அது. ஒரு மரத்தில் நோய் கண்டால் அதன் இருபக்கத்து மரங்களையும் தோண்டிப் பார்க்க வேண்டும். பால்மரத்தின் வேரைக் கெடுக்கும் பூஞ்சணங்களில் முக்கியமானவை மூன்று. மண்டோர் கற்றுக்கொடுத்தபடி தாத்தா அவற்றை நிறத்தால் அழைத்தார்: வெள்ளை, சிவப்பு, தவிட்டு நிறம்.

“வெள்ளை வேர் நோயென்றால் வேரின் பட்டையோடு ஒட்டி வெள்ளை நூல் ஓடும். கிளை கிளையாகப் பிரிந்து, தட்டையாக இருக்கும். ஆனால், மண்ணில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நோயில்லை. காய்ந்த இலையைத் தின்னும் காளானுக்கும் வெள்ளை நூல் உண்டு. விரலால் தேய்த்தால் அது வந்துவிடும். இது வராது” என்றார் தாத்தா.

சிவப்பு வேர் நோயை மண் மூடியிருக்கும்போது கண்டுபிடிக்க இயலாதாம். வேரில் மண் அப்பிக்கொண்டு எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். தண்ணீரில் கழுவினால்தான் உள்ளே இருக்கும் செந்நிறத் தோல் பளிச்சென்று வெளிப்படும். தவிட்டு நிற நோயில் நிலைமை வேறு. மண்ணும் சிறு கற்களும் வேரோடு இறுகி ஒரு சட்டை போலாகிவிடும். எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. வேரைப் பிளந்தால் மரத்துக்குள் தவிட்டு நிறக் கோடுகள் தேன்கூடு போல ஓடும். ஆக, ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பெருவிரலும் இருந்தால் மூன்றையும் பிரித்துவிடலாம். உருப்பெருக்கி கிடையாது, ஆய்வுக்கூடம் கிடையாது. எழுத்தறியாத என் தாத்தா இப்படி எத்தனை ஆயிரம் மரங்களுக்குத் தீர்ப்புச் சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அந்தத் தீர்ப்பில்தான் காரியம் இருந்தது. வெள்ளை வேர் நோய் வேகமாகப் பரவும்; இளம் மரங்களைக் கூட்டமாகச் சாய்க்கும். மற்ற இரண்டும் மெதுவாகவே நகரும். எது என்று தெரிந்தால்தான் எத்தனை மரங்களை அகற்றுவது, எவ்விடத்தில் பள்ளம் தோண்டி நோயுள்ள வேரையும் நல்ல வேரையும் பிரிப்பது என்று முடிவெடுக்கலாம். வெள்ளை வேர் நோய் இருந்த நிலத்தில் மறுபடியும் நடும்போது குழியில் கந்தகத் தூள் போடுவார்களாம். பால்மரத்தில் இந்த வெள்ளை வேர் நோய் முதன்முதலில் பதிவானது 1904ஆம் ஆண்டு, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில். பால்மரம் சீவும் முறையைச் செம்மைப்படுத்திய எச். என். ரிட்லி அப்போது அங்கே இயக்குநராக இருந்தார். அதாவது, பால்மரம் இம்மண்ணில் பெருந்தோட்டப் பயிராகத் தொடங்கிய காலத்திலேயே அதன் எதிரியும் வந்து சேர்ந்துவிட்டது.

தாத்தா செம்பனை வேரைக் கழுவி முடித்தார். வெள்ளை நூல் இல்லை. செந்தோலும் இல்லை. வேர் உள்ளே கறுத்து மக்கியிருந்தது, அவ்வளவுதான். அவர் குழம்பியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பிறகு தண்டிலிருந்த காளானைப் பெயர்த்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது சிவப்பு வேர் நோயின் சாதி. அந்தக் காளானும் இப்படித்தான் கட்டியாக இருக்கும். ஆனால், வேரில் தோல் இல்லையே!” என்றார்.

அறிவியல் மாணவனான எனக்கு அந்த ‘சாதி’ விளக்கம் போதவில்லை. நானே கண்டுபிடிக்கிறேன் என்று புறப்பட்டேன். அழுகிய தண்டின் நடுப்பகுதியிலிருந்து நன்றாக மக்கிய துண்டு ஒன்றை வெட்டி, நெகிழிப் பையில் இறுகக் கட்டிப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். உயிரியல் ஆசிரியரின் அனுமதியோடு, உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் அகாரும் கலந்த ஊடகத்தில் அதன் துணுக்குகளை வைத்து மூடினோம். மூன்றாம் நாள் வட்டுகளில் வெள்ளைப் படலம். ஐந்தாம் நாள் அது முழுவதும் பச்சை. குற்றவாளியைப் பிடித்துவிட்டேன் என்ற பெருமிதத்தில் வட்டின் மீது ‘செம்பனைக் கொல்லி’ என்று எழுதியும் ஒட்டினேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ஆறாம் படிவம் படிக்கும் மகன் சொன்னால் தவறாக இருக்குமா? அப்பா மறுநாளே குளுவாங்கிற்குப் போய்ப் பூஞ்சணக் கொல்லி மருந்து வாங்கி வந்து, சந்தேகப்பட்ட மரங்களுக்கெல்லாம் தெளித்தார். அந்த மாதம் குலை விற்ற பணத்தில் பெரும் பங்கு அதற்கே போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து, சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை கூறும் செம்பனைத் துறை அதிகாரி ஒருவர் எங்கள் நிலத்துக்கு வந்தார். மலாய்ப் பெண்மணி. நாங்கள் ‘புவான்’ என்று அழைத்தோம். என் வட்டை அவரிடம் காட்டினேன். மூடியைத் திறக்காமலே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, துண்டை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்டார். நடுவிலிருந்து என்றேன். எதில் வைத்துக் கொண்டுபோனேன் என்று கேட்டார். நெகிழிப் பையில் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

“இந்தப் பச்சை, திரைக்கோடெர்மாவாக இருக்கலாம். மக்கிய மரத்தில் வாழ்வது. மரத்தைக் கொன்றது இதுவாக இருக்காது, மரத்தைக் கொன்ற பூஞ்சணத்தோடு இது சண்டை போடவும் கூடும்” என்றார் அவர்.

எனக்கு முகம் சூடேறியது. நண்பனுக்குக் கொலைகாரன் என்று பெயர் ஒட்டியிருக்கிறேன்! சாவு வீட்டில் கூடியிருப்பவர்களில் கொன்றவன் யார் என்று பார்க்காமல், வாசலில் முதலில் கண்ணில் பட்டவனைப் பிடித்த கதைதான். மரம் இறந்த பின் பசித்து வரும் பூஞ்சணங்கள் ஏராளம். அவை விரைந்து வளரும். வட்டில் வைத்தால் அவைதாம் முதலில் எழுந்து நிற்கும். நோயை உண்டாக்கிய பூஞ்சணம் அழுகலின் நடுவில் இராது. அது முன்னேறிக்கொண்டே போகும். எனவே, அழுகிய பகுதியும் நல்ல பகுதியும் சந்திக்கும் எல்லையில் இருந்துதான் மாதிரி எடுக்க வேண்டும். நெகிழிப் பையில் கட்டினால் வேர்த்து, வேண்டாத பூஞ்சணங்களெல்லாம் பெருகிவிடும். காகிதத்தில் சுற்ற வேண்டும். இவையெல்லாம் கேட்பதற்கு எளியவை. எங்களுக்கு ஒரு மாத வருமானம் செலவான பின்புதான் தெரிந்தன.

ஜெர்மானிய மருத்துவர் இராபர்ட் கோக் 1880களில் வகுத்த விதியையும் புவான் எனக்கு விளக்கினார். நோயுற்ற உயிரில் ஒரு நுண்ணுயிரைக் கண்டுவிட்டால் போதாது. அதைத் தனியாகப் பிரித்து வளர்த்து, நல்ல உயிரில் செலுத்தி, அதே நோய் வருகிறதா என்று பார்த்து, அங்கிருந்து மீண்டும் அதே நுண்ணுயிரைப் பிரித்தெடுக்க வேண்டும். அப்போதுதான் அதன் மீது குற்றம் சாட்டலாம்.

இம்முறை புவான் சொன்னபடி எல்லையிலிருந்து துண்டுகளை வெட்டினோம். அவர் அவற்றை நாளிதழில் சுற்றி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே பயன்படுத்தும் ஊடகம் வேறு. பாக்டீரியாவையும் பிற பூஞ்சணங்களையும் அடக்கி, ஒரே ஒரு பூஞ்சண இனத்தை மட்டும் வளரவிடுவதற்காக நம் நாட்டு ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அதில் தானின் அமிலம் கலந்திருக்கிறது. தேடும் பூஞ்சணம் வளர்ந்தால் அதைச் சுற்றித் தவிட்டு நிற வளையம் ஒன்று தோன்றும். சில வாரங்களில் புவான் தொலைபேசியில் அழைத்தார். வளையம் தோன்றியிருந்தது. எங்கள் மரத்தைச் சாய்த்தது கானொடெர்மா. நம் நாட்டுச் செம்பனையில் அடித்தண்டு அழுகலை உண்டாக்கும் முதன்மையான இனம் கானொடெர்மா பொனினென்ஸ்.

பெயரைக் கேட்டதும் நான் புத்தகங்களில் தேடினேன். ஜப்பானின் பொனின் தீவுகளில் கிடைத்த காளானுக்கு 1889இல் பிரெஞ்சு அறிஞர் பத்துய்யார் வைத்த பெயர் அது. தேடியதில் இன்னொன்றும் கிடைத்தது. பால்மரத்தின் சிவப்பு வேர் நோய்க்குக் காரணமான பூஞ்சணமும் ஒரு கானொடெர்மாதான். கானொடெர்மா பிலிப்பி என்பது அதன் பெயர். இரண்டும் ஒரே பேரினம், வேறு வேறு சிற்றினம். தாத்தா ‘சிவப்பு வேர் நோயின் சாதி’ என்று சொன்னது நூற்றுக்கு நூறு சரி! ஆய்வுக்கூடம் பல வாரங்களில் சொன்னதில் பாதியை அவர் கையில் காளானைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிட்டார். நான்தான் கேட்கவில்லை.

மலாயாவில் செம்பனையில் இந்நோயை 1931ஆம் ஆண்டில் தாம்சன் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். அப்போது அது 25 வயதைத் தாண்டிய கிழ மரங்களையே தாக்கியது. ஆகவே, யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பழைய செம்பனையையும் தென்னையையும் வெட்டிய நிலத்திலேயே மறுபடியும் நட்டபோதுதான், அடிக்கட்டைகளில் தங்கியிருந்த பூஞ்சணம் இளைய மரங்களுக்குத் தாவியது. வெகு காலம் இதைக் கடலோரக் களிமண்ணின் நோய் என்றே எண்ணினார்கள். எங்கள் மண் அப்படிப்பட்டதன்று. கருங்கல் பாறை சிதைந்து உருவான உள்நாட்டு மண். நாட்டின் பல பகுதிகளிலும் காணப்படும் இவ்வகை மண்ணுக்கு மண்ணியலாளர்கள் ‘ரெங்கம் மண்தொடர்’ என்று எங்கள் ஊரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அது எனக்குப் பெருமையான செய்தி. ஆனால், பின்னாளில் உள்நாட்டு மண்ணிலும் கரிமண்ணிலும் இந்நோய் பரவியது கண்டறியப்பட்டது. பெயர் பெற்ற மண்ணும் தப்பவில்லை.

ஒரு பூஞ்சணத்தைச் சரியாக அறிவதற்குள் என்னவெல்லாம் நடந்துவிடும் என்பதற்கு இலங்கைக் காப்பித் தோட்டங்களின் கதை இருக்கிறது. 1869இல் அங்கே காப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்தது. அது ஒரு பூஞ்சணம் என்று அவ்வாண்டே இங்கிலாந்தில் பெயரிட்டுவிட்டார்கள். ஆயினும், தோட்டக்காரர்கள் பலர் பருவநிலையையும் மண்ணையுமே குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் அறிஞர் அங்கே அனுப்பப்பட்டார். அந்தத் தூள் பூஞ்சண வித்துகள் என்பதையும், ஈரமான இலையில் விழுந்து முளைத்து இலைத்துளை வழியாக உள்ளே நுழைவதையும் அவர் சோதித்து நிறுவினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. காப்பி அழிந்து தேயிலை வந்தது. காப்பிக்காகத் தமிழகத்திலிருந்து மலை ஏறிய நம் மக்கள் வேலை இழந்து தவித்தார்கள். இலங்கையில் தோற்ற வெள்ளைக்காரத் துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து இங்கே காப்பி நட்டார்கள். பிறகு பால்மரத்துக்கு மாறினார்கள். இதைத் தாத்தாவிடம் சொன்னபோது, “அப்படியானால் ஓர் இலைத் தூசிக்கும் நாம் இந்நாட்டுக்கு வந்ததற்கும் சம்பந்தம் இருக்கிறது என்கிறாயா?” என்று கேட்டுவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார்.

எங்கள் நிலத்துக்கு வருகிறேன். புவான் ஒரு நாள் முழுவதும் எங்களோடு 224 மரங்களையும் சுற்றி வந்தார். மேலே பார், நடுவே பார், அடியில் பார் என்பது அவர் முறை. மேலே விரியாத குருத்து ஒன்றோ இரண்டோ இருந்தால் இயல்பு. அதற்கு மேல் இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். ஆனால் நீண்ட வறட்சியிலும் குருத்து விரியாது. அடிமட்டைகள் பாவாடையைப் போலத் தண்டைச் சுற்றித் தொங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். இலை மஞ்சளாக இருந்தால் உடனே நோய் என்று சொல்லிவிடக் கூடாது. மக்னீசியம் குறைந்தாலும் முதிர்ந்த மட்டைகள் மஞ்சளாகும். அதைக் கண்டுபிடிக்க ஓர் அழகான வழி காட்டினார்: ஓர் இலையின் நிழல் இன்னோர் இலைமேல் விழுந்திருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். வெயில் பட்ட பகுதி மட்டும் மஞ்சளாகி, நிழல் விழுந்த பகுதி பச்சையாகவே இருந்தால் அது சத்துக் குறைவு. அதற்கு உரம் போடலாம். கானொடெர்மா மரத்துக்கு எவ்வளவு உரம் போட்டாலும் பயனில்லை. அதன் அறிகுறி இலையில் தெரியும்போது அடித்தண்டில் பாதிக்கு மேல் அழுகியிருக்கும். அப்பா இதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு மடங்கு உரம் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அன்று 19 மரங்களில் சிவப்புச் சாயம் பூசினோம். உரம் குறைந்ததால் வெளுத்தவை என்று ஆறு மரங்கள் தப்பின. அந்த ஆறையும் நாங்களாகப் பார்த்திருந்தால் வெட்டியிருப்போம். சாயம் பூசியவற்றில் முற்றாக அழுகியவற்றை வெட்டி, அடிக்கட்டையையும் வேர்த்திரளையும் தோண்டியெடுத்துத் துண்டு துண்டாக்கினோம். குலை தள்ளும் மரங்களுக்கு அடியில் மண் அணைத்தோம். அது மருந்தில்லை, மரம் விழாமல் இன்னும் சில காலம் காய்க்க உதவும். நோயுற்ற மரத்தை முற்றிலும் குணமாக்கும் மருந்து கிடையாது என்று புவான் ஒளிக்காமல் சொன்னார். அக்கா அந்த ஆண்டு கல்லூரியிலேயே பகுதி நேர வேலை தேடிக்கொண்டார்.

தாத்தா இப்போது இல்லை. மழைக்காலம் தொடங்கும்போதெல்லாம் நானும் அப்பாவும் வரிசை வரிசையாக நடக்கிறோம். மரத்துச் சுத்தியலால் தண்டைத் தட்டி ஓசை கேட்கிறோம். நல்ல மரமும் உள்ளே குடைந்த மரமும் ஒரே மாதிரி ஒலிக்காது. அப்பாவின் காது இதில் என்னைவிடக் கூர்மை. சென்ற முறை, விழுந்த மரத்துக்கு இரண்டு மரங்கள் தள்ளி, அடித்தண்டின் ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளையாக ஏதோ முளைத்திருந்தது. நான் குனிந்து விரலால் தேய்த்தேன். அது வரவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் வீட்டுப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது ஒரு கையில் சாயப் புட்டி இருந்தது. இன்னொரு கையில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது.